டூல்பாக்ஸைக் காணோம்

ஜூன் 8

தினமும் கொஞ்சம் எழுதுங்கள், தேதி போட்டு எழுதுங்கள் என்று மதுரை டாக்டர் சொல்லி அனுப்பினார். டைரிக்கு நமக்கு என்ன பஞ்சம்? சிவகாசியில் இருந்துகொண்டு டைரியைக் கடையில் வாங்குகிறவன் எவன்? எங்கள் ஆபீஸில் போட்ட டைரி ஒன்று அலமாரியில் கிடந்தது. இதோ ஆரம்பித்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் காலையும் மாலையும் பெயர் என்ன, இது என்ன மாசம் என்று கேட்டுக் கேட்டு என் பிராணனை வாங்கினார்கள். இங்கேயும் எழுதிவைத்துவிடுகிறேன். பெயர் தனுஷ்கோடி. வயது ஐம்பத்திரண்டு. தொழில், பக்கம் அமைப்பது. காலண்டர், கல்யாணப் பத்திரிகை, ஜவுளிக்கடைப் பை, எது வந்தாலும் கம்ப்யூட்டரில் டிசைன் செய்து பிரஸ்ஸுக்கு அனுப்புகிறவன். மூளையில் வலது பக்கம் ரத்தம் அடைத்து, இடது கையும் இடது காலும் மந்தமாகிவிட்டன. கோலூன்றி நடக்கிறேன். கண் நன்றாகத் தெரிகிறது. பேச்சும் போகவில்லை. அது ஒன்றுதான் குறையவே இல்லை என்கிறாள் என் மனைவி பூங்கனி.

முதலாளி ஜெகவீரன் போன் செய்தார். என்னைவிடச் சின்னவர், அவருடைய அப்பா காலத்திலிருந்து நான் அங்கே இருக்கிறேன். "உங்க சீட்ட யாருக்கும் குடுக்கல அண்ணாச்சி. ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பம் வரணும். அதுக்குள்ள எந்திரிச்சு வந்துருங்க" என்றார். அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாகக் கட்டி, ஆடிப்பெருக்கு அன்று பூஜை வைத்து வியாபாரிகளுக்குக் காட்டுவது எங்கள் ஊர் வழக்கம். அந்த ஆல்பம் வருஷாவருஷம் என் கையில்தான் முடியும். இந்த வருஷமும் முடியும். போனை வைத்த பிறகு கொஞ்சம் அழுதேன், பூங்கனி பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஜூன் 11

இன்று நானே சவரம் செய்துகொண்டேன். மழமழவென்று எடுத்துவிட்டேன் என்று நினைத்தால், பூங்கனி ரேசரை வாங்கி மறுபடியும் எதையோ வழித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிலும் திருப்தி இல்லை.

ஜூன் 15

பக்கத்தில் பாதியிலிருந்து ஏன் எழுதுகிறீர்கள் என்று பூங்கனி கேட்டாள். பக்கம் அமைக்கிறவனுக்கு மார்ஜின் விடத் தெரியும் என்றேன். இவ்வளவு பெரிய மார்ஜினா என்றாள்.

ஒன்றை எழுதிவிட வேண்டும். ஊர் திரும்பியதிலிருந்து இவள் என்னிடம் ஒட்டுவதில்லை. முன்பெல்லாம் சாயங்காலம் நாற்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வாள், தெருவில் நடப்பதையெல்லாம் சொல்லுவாள். இப்போது குரல் மட்டும் வருகிறது. ஆள் அடுப்படியிலோ எங்கேயோ இருக்கிறாள். கூப்பிட்டால் "இங்கதான இருக்கேன்" என்கிறாள், வருவதில்லை. பாதி உடம்பு விழுந்தவன் பக்கத்தில் உட்கார யாருக்குத்தான் பிடிக்கும்? அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் வலிக்கிறது.

ஜூன் 19

ஆபீஸுக்குப் போய்விட்டேன். பூங்கனி ஆட்டோவில் கொண்டுவந்து விட்டாள். மதியம் வரை போதும் என்று முதலாளி சொல்லியிருந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்ததும் உடம்பில் தெம்பு வந்துவிட்டது.

மெனுவைத் திறந்து துழாவிக்கொண்டிருப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. வலது கை மவுஸில், இடது கை கீபோர்டில், இதுதான் என் வேலை முறை. டேப் விசையை ஒரு தட்டுத் தட்டினால், பக்கத்தைச் சுற்றி நிற்கும் பேனல்கள் எல்லாம் மறைந்து பக்கம் மட்டும் நிற்கும். இன்னொரு தட்டுத் தட்டினால் எல்லாம் திரும்ப வரும். ஷிஃப்டையும் சேர்த்துத் தட்டினால் வரைகிற, வெட்டுகிற கருவிகள் உள்ள டூல்பாக்ஸ் மட்டும் நிற்க, மற்றவை ஒதுங்கிவிடும். எஃப் ஏழு தட்டினால் லேயர். விண்டோஸ் விசையோடு டி தட்டினால் திறந்துவைத்ததெல்லாம் மறைந்து வெறும் டெஸ்க்டாப். மற்றவர்கள் பேனல்களின் நடுவே பக்கத்தைத் தேடுவார்கள். நான் எல்லாவற்றையும் மறைத்துவிட்டுப் பக்கத்தை மட்டும் பார்ப்பேன். அதனால் செக்ஷனில் எனக்கு டேப் அண்ணாச்சி என்று பெயர்.

இன்று மானம் போயிற்று. ஃபைலைத் திறந்தால் டூல்பாக்ஸைக் காணோம். இடது கைக்கு வேகம் இல்லை, வலது கையை மவுஸிலிருந்து எடுத்துக்கொண்டு போனேன். கண் பார்க்காமலே விரல் டேப்புக்குப் போய்விடும். தட்டினேன், எல்லாம் மறைந்தது. மறுபடி தட்டினேன், கலர், லேயர் எல்லாம் வந்தன, டூல்பாக்ஸ் வரவில்லை. ஷிஃப்டோடு தட்டினேன். டூல்பாக்ஸ் நிற்க வேண்டும். ஒன்றுமே நிற்கவில்லை. காலைப் பொழுது பூராவும் டக் டக்கென்று தட்டிக்கொண்டே இருந்தேன்.

பக்கத்து சீட் அருள்செல்வி என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டாள். டூல்பாக்ஸை எவனோ தூக்கிவிட்டான் என்றேன். அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்கும் புரியவில்லை போலிருக்கிறது. பழைய மெஷின், ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன் என்றாள்.

ஜூன் 20

டூல்பாக்ஸ் வந்துவிட்டது. ஆனால் வலது ஓரத்தில் மற்ற பேனல்களோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சாஃப்ட்வேர் அப்டேட் ஆகியிருக்கும் என்றாள் அருள்செல்வி. இருக்கிறதை இருக்கிற இடத்தில் விடமாட்டார்கள். எப்படியோ போகட்டும், டேப் தட்டினால் போகிறது, தட்டினால் வருகிறது. ஒரு பை டிசைன் முடித்தேன்.

ஜூன் 24

பூங்கனியின் சித்தப்பா மகனின் புது வீட்டில் பால் காய்ச்சு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல்முதலாக நாலு பேர் முகத்தில் விழித்தேன். பந்தியில் உட்கார்ந்தேன். சோறு, சாம்பார், பொரியல் எல்லாம் வந்தது. உப்பு இல்லை, ஊறுகாய் இல்லை, இனிப்பும் இல்லை. சீக்காளி என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது. பரிமாறியவரைக் கூப்பிட்டு, எனக்கு மட்டும் ஏன் இனிப்பு வைக்கவில்லை என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவர் இலையைப் பார்த்தார், வாயைத் திறந்தார், பூங்கனி ஏதோ ஜாடை காட்டியிருப்பாள், பேசாமல் போய்விட்டார்.

பிறகு பார்த்தால் இலையில் வலது பக்கம் ஒரு லட்டு இருந்தது. பூங்கனியின் கைதான் வைத்தது, வளையல் சத்தம் கேட்டது. கேட்டு வாங்கிய லட்டைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். வீட்டுக்கு வரும்போது ஆட்டோவில் அவள் அழுதது போல் இருந்தது. என்னோடு வெளியே வர வெட்கமாக இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று சொல்லக்கூட அவளுக்கு மனம் வரவில்லை.

ஜூன் 27

வேலைக்குக் குறைச்சல் இல்லை. மதியத்துக்கு மேலும் உட்கார்ந்தேன்.

ஜூலை 1

கல்யாணப் பத்திரிகை ஒன்று வந்தது. ஆவணியில் முகூர்த்தம், ஆடி பிறக்கும் முன்னால் பத்திரிகை கைக்கு வர வேண்டும் என்று பெண்ணின் அப்பா சாத்தூரிலிருந்து வந்திருந்தார். சோலையப்பன் என்று பெயர், பேப்பரைத் தடவித் தடவிப் பார்த்து, மஞ்சளில் மயில் போட்டதைத் தேர்ந்தெடுத்தார். ஒரே மகள் என்று எல்லோரிடமும் சொன்னார். அருள்செல்வி லீவு. நான் செய்கிறேன் என்றேன். முதலாளி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, சரி அண்ணாச்சி என்றார். யோசித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

பத்திரிகையைப் புதிதாக யாரும் செய்வதில்லை. பழைய ஃபைல் ஒன்றைத் திறந்து வேறு பெயரில் சேமித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போக வேண்டியதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ராஜபாளையம் பார்ட்டிக்குச் செய்த மயில் ஃபைலை எடுத்தேன். முகூர்த்தம், மண்டபம், பெண், பெண்ணைப் பெற்றவர்கள், எல்லாம் மாற்றி முடித்துவிட்டு டேப் தட்டினேன். பேனல் எல்லாம் மறைந்து பத்திரிகை மட்டும் நின்றது. நடுவில் மயில், சுற்றிலும் கொடி, எழுத்தெல்லாம் அளவாக உட்கார்ந்திருந்தது. நான் பழையபடி ஆகிவிட்டேன் என்று அப்போதுதான் நம்பினேன்.

ஜூலை 3

சோலையப்பன் புரூஃபை போனில் பார்த்துவிட்டு, மகள் பெயர் சரி, எங்கள் பெயர்களும் சரி, அடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். பிரஸ்ஸுக்குப் போய்விட்டது. பூங்கனியிடம் சொன்னேன். நல்லதுதானே என்று எங்கிருந்தோ சொன்னாள்.

ஜூலை 10

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதுகிறேன்.

காலையில் சோலையப்பன் வந்தார். சத்தம் போடவில்லை. கையில் ஒரு பத்திரிகை, நாலு மூலையிலும் மஞ்சள் தடவியது. என்னிடம் நீட்டி, படித்துப் பாருங்கள் என்றார். படித்தேன். ஒரு தவறும் இல்லை. சரியாகத்தானே இருக்கிறது என்றேன். அவர் என்னையே பார்த்தார். திரும்பவும் படித்தேன். சரியாகத்தான் இருந்தது.

முதலாளி எழுந்து வந்து என் கையிலிருந்து பத்திரிகையை வாங்கினார். அதை இரண்டாக மடித்து, ஒரு பாதியை மட்டும் என் கண்ணுக்கு நேரே பிடித்தார். மணமகன் என்று போட்டு அதன் கீழே ராஜபாளையத்துப் பையனின் பெயர். அவனைப் பெற்றவர்களின் பெயர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கல்யாணம் முடிந்து, இந்நேரம் குழந்தையோடு இருக்கிற பையன். பத்திரிகையில் இடது பத்தியை நான் தொடவே இல்லை.

சோலையப்பன் சொன்னார், "சம்பந்தி போன் போட்டு, பொண்ண யாருக்குக் கட்டிக் குடுக்கப் போறீகன்னு கேட்டாரு. அதக்கூடப் பேசித் தீத்துக்கிடலாம். மொதப் பத்திரிகைய குலசாமி காலடியில வச்சுக் கும்பிட்டுட்டு வந்துட்டேன் அய்யா. இந்தப் பையனுக்குத்தான் எம் மகளக் குடுக்கேன்னு சாமிகிட்டச் சொல்லிட்டு வந்துட்டேன். இனி சாமிகிட்டப் போய் என்ன சொல்ல?"

முதலாளிதான் அவரை உட்கார வைத்து, புதிதாக அடித்துத் தருகிறோம், கோயிலுக்கு நாங்களும் கூட வருகிறோம் என்று என்னென்னவோ சொன்னார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அருள்செல்வி என் மெஷினில் உட்கார்ந்து ஃபைலைத் திருத்திக் கொடுத்தாள். நான் நின்றுகொண்டு அவள் திருத்துவதைப் பார்த்தேன். அவள் எங்கே திருத்துகிறாள் என்றே தெரியவில்லை.

ஜூலை 11

ஆபீஸ் போகவில்லை. போகச் சொல்லி யாரும் கூப்பிடவும் இல்லை.

ஜூலை 13

மதுரைக்குப் போனோம். டாக்டர் ஒரு தாளில் நீளமாகக் கோடு போட்டுக் கொடுத்து, இதன் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள் என்றார். இருபத்தாறு வருஷமாகப் பக்கம் அமைக்கிறவனிடம் நடு எது என்று கேட்கிறார். சிரித்துக்கொண்டே வைத்தேன். அவர் ஸ்கேலை வைத்து அளந்து காட்டினார். புள்ளி கிட்டத்தட்ட வலது ஓரத்தில் இருந்தது. அளவு ஸ்கேலில் இருக்கிறது, நம்ப வேண்டியதுதான். ஆனால் என் கண்ணுக்கு இப்போதும் அதுதான் நடு.

கண்ணில் கோளாறு இல்லையாம். மூளை இடது பக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லையாம். அங்கே ஒன்று இருக்கிறது என்று அது நினைப்பதே இல்லை, அதனால் இல்லாதது மாதிரி கூடத் தெரியாது, எல்லாம் முழுசாக இருப்பது மாதிரியே இருக்கும் என்றார். ஆங்கிலத்தில் நெக்லெக்ட் என்று ஒரு பெயர் சொன்னார். தமிழில் என்ன என்று கேட்டேன். "இடப்பக்கப் புறக்கணிப்பு" என்றார்.

அது என்ன பெயர். நான் யாரையும் புறக்கணித்தது கிடையாது.

டூல்பாக்ஸ் காணாமல் போகவே இல்லை, இடது ஓரத்தில் இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது. நான் டேப் தட்டத் தட்ட அது போய்ப் போய் வந்துகொண்டிருந்திருக்கிறது. அருள்செல்விதான் அதை இழுத்து வலது பக்கம் வைத்திருக்கிறாள். பூங்கனி அவளிடம் முதலிலேயே சொல்லிவைத்திருக்கிறாள். முதலாளிக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் இருந்தபோதே டாக்டர் பூங்கனியிடம் சொல்லியிருக்கிறார். எனக்கும் சொன்னாராம். நான் சிரித்தேனாம். அது எனக்கு நினைவே இல்லை.

இதற்கு ஷார்ட்கட் ஒன்றும் கிடையாதா என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். "கழுத்துதான் ஷார்ட்கட். இடது பக்கம் திருப்பிப் பாருங்க. திருப்பிக்கிட்டே இருங்க" என்றார். கொஞ்சம் கொஞ்சமாகச் சிலருக்குச் சரியாகும், சிலருக்கு இந்த அளவிலேயே நின்றுவிடும் என்றும் சொன்னார். திருப்ப மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஒன்றும் இல்லாத பக்கம் திரும்ப வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

ஜூலை 14

காலையிலிருந்து படுத்தே கிடந்தேன்.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. காலையில் பூங்கனியிடம் கேட்டேன். எல்லோருக்கும் சொன்னாய், எனக்கு ஏன் நீ சொல்லவில்லை? வீட்டில் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒருநாள் சொல்லியிருக்கக் கூடாதா? இந்த ஒன்றரை மாசமாக நீ என் பக்கத்தில் வந்ததே இல்லையே?

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் எங்க போனேன்? ஒங்க எடது பக்கந்தான் உக்காந்திருந்தேன். வீட்ல இருக்கவங்க அந்தப் பக்கமே உக்காருங்க, அவரு திரும்பிப் பாக்கப் பழகுவாருன்னு டாக்டர் சொன்னாரு. கீரைய அங்கதான் ஆஞ்சேன். ஒங்க எடது கையப் பிடிச்சு எண்ண தேச்சேன். பேசிக்கிட்டே இருந்தேன். ஒரு நாளாச்சும் திரும்புவீங்கன்னு பாத்தேன்."

நான் அழுதேன். அவளைப் பற்றி நான் இந்த டைரியில் என்னென்ன எழுதிவைத்திருக்கிறேன். அவளுக்கு வெட்கம் என்று எழுதினேன். ஒட்டுவதில்லை என்று எழுதினேன். கிழித்துவிடலாம் என்று தோன்றியது, கிழிக்கவில்லை.

இனிமேல் வலது பக்கமே வந்து உட்காருகிறேன், அதுதான் உங்களுக்கு நல்லது என்றாள். வேண்டாம், டாக்டர் சொன்ன இடத்திலேயே இரு, நான் திரும்பிப் பார்க்கிறேன் என்றேன். சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் தெருவைப் பார்த்தேன். நல்ல காற்று. பிறகு அவள் சாப்பிடக் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது, அவ்வளவு நேரமும் அவள் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். நான் திரும்பவே இல்லை.

ஜூலை 21

முதலாளி வீட்டுக்கு வந்தார். கோயிலுக்குப் போய்ப் புதுப் பத்திரிகையை வைத்துவிட்டு வந்தார்களாம், பூசாரி ஒன்றும் குற்றமில்லை என்று திருநீறு கொடுத்தாராம். ஆல்பத்துக்கு நாள் நெருங்குகிறது, உடம்புக்கு முடிந்தால் வாங்க அண்ணாச்சி, முடியவில்லை என்றாலும் பாதகமில்லை என்றார். பாதகமில்லை என்ற சொல் என்னை என்னவோ செய்தது. நாளைக்கே வருகிறேன் என்றேன்.

ஜூலை 22

திரையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சிவப்பு டேப் ஒட்டிவிட்டாள் அருள்செல்வி. அந்தச் சிவப்பைக் காணும் வரை கழுத்தைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். சிவப்பு தெரிந்தால்தான் பக்கம் முடிந்தது என்று அர்த்தம். செய்து பார்த்தேன். தெரிந்தது. முதலில் சிவப்பு தெரிந்தபோது, இவ்வளவு இடம் எங்கே ஒளிந்திருந்தது என்று ஆச்சரியமாக இருந்தது. மதியம் வரை பழகினேன். கழுத்து கடுக்கிறது. பரவாயில்லை, வந்துவிடும்.

ஜூலை 26

ஆல்பத்தில் மாதக் காலண்டர் என் பங்கு. பன்னிரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்தையும் சிவப்பு வரை திரும்பித் திரும்பிப் பார்த்தே செய்கிறேன். பூங்கனி சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஜோராக இருக்கிறது என்றேன். அவள் சிரித்தாள். வலது பக்கம் வந்து நின்று சிரித்ததால் பார்த்தேன்.

ஜூலை 29

பன்னிரண்டு பக்கமும் முடித்து, எல்லாவற்றையும் சரிபார்த்து, பிரிண்ட் எடுத்து அருள்செல்வியின் மேஜையில் வைத்தேன். இந்தத் தடவை எனக்கு உறுதி. சிவப்பைப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது.

அவள் ஒவ்வொரு தாளாகப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து என் வலது பக்கம் உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னாள், "அண்ணாச்சி, திங்கள்ல இருந்து சனி வரைக்கும் அடுத்த வருசம். ஞாயிறு மட்டும் இந்த வருசத்துலயே நிக்கிது."

மாதக் காலண்டரில் ஞாயிறுதான் இடது ஓரம். சிவப்பு எழுத்து. இந்த வருஷத்து ஃபைலைத் திறந்து தேதிகளை மாற்றும்போது ஆறு பத்தியை மாற்றியிருக்கிறேன், ஞாயிற்றை விட்டுவிட்டேன். ஒரு பக்கத்தில் இல்லை, பன்னிரண்டு பக்கத்திலும். சில தேதி இரண்டு தடவை இருந்தது, சில தேதி இல்லவே இல்லை. சிவப்பு எழுத்தைப் பார்த்ததைத்தான் சிவப்பு டேப்பைப் பார்த்ததாக நினைத்துக்கொண்டேனோ, அல்லது பார்க்காமலேயே பார்த்ததாக நினைத்துக்கொண்டேனோ, தெரியவில்லை. இதைக் கேட்டால் பதில் சொல்ல என்னைத் தவிர வேறு ஆள் இல்லை, எனக்கோ தெரியவில்லை.

அருள்செல்வி, திருத்திவிடலாம், ஒரு மணி நேர வேலை, நான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன், யாருக்கும் தெரிய வேண்டாம் என்றாள். நல்ல பிள்ளை. ஆனால் அவள் பார்த்துக்கொள்வது என்றால் அவள் இரண்டு தடவை வேலை செய்கிறாள் என்றுதான் அர்த்தம். பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை விட்டவன், காலண்டரில் ஞாயிற்றை விட்டிருக்கிறான். அடுத்தது எதை விடுவேன் என்று எனக்கே தெரியாது. அதுதான் பயமாக இருக்கிறது. கை வராவிட்டால் கை வரவில்லை என்று தெரியும், பழகிக்கொள்ளலாம். இது அப்படி இல்லை. விட்டது விட்டதாகவே தெரியாது. எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும் எனக்கு முழுசாகத்தான் இருக்கும்.

நேரே முதலாளியின் அறைக்குப் போனேன். அருள்செல்வியை என் சீட்டில் உட்கார வையுங்கள் என்றேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். சும்மா வந்து மேற்பார்வை பாருங்கள் அண்ணாச்சி, உங்களை அனுப்பிவிட்டு நான் என்ன செய்வேன் என்றார். "பார்வையே பாதியாப் போச்சு மொதலாளி, மேற்பார்வைக்கு எங்க போவேன்" என்றேன். சிரிப்பார் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பூங்கனியிடம் சொன்னேன். காப்பி போட்டுக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. ஆல்பம் வந்துவிட்டது. சாமி படத்துக்கு முன்னால் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, சர்க்கரைப் பொங்கல் படைத்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டுச் சூடம் ஏற்றச் சொன்னார். ஏற்றினேன். வெளியூர் வியாபாரிகள் இரண்டு பேர் என்னைப் பார்த்து, உடம்பு தேறிவிட்டதா அண்ணாச்சி, ஆல்பம் பிரமாதம் என்றார்கள். நான் செய்யவில்லை, இவள் செய்தது என்று அருள்செல்வியைக் காட்டினேன். அவளுக்கு முகம் சிவந்துபோயிற்று.

எல்லோரும் பொங்கல் வாங்கப் போன பிறகு, அவளைக் கூட்டிக்கொண்டு என் சீட்டுக்குப் போனேன். மெஷின் இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. இதை உனக்குத் தகுந்த மாதிரி வைத்துத் தருகிறேன் என்றேன். நானே வைத்துக்கொள்வேன் அண்ணாச்சி, நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை. இத்தனை வருஷம் உட்கார்ந்த இடம், எடுத்துக் கொடுக்கிறவன் நானாக இருக்க வேண்டும்.

ஃபைலைத் திறந்தேன். திரை ஓரத்துச் சிவப்பு டேப்பை முதலில் உரிக்கச் சொன்னேன். உரித்தாள் போலிருக்கிறது, சத்தம் கேட்டது. என் கணக்கில் சேமித்து வைத்திருந்த ஷார்ட்கட்டுகளை எல்லாம் நீக்கினேன். பிறகு டூல்பாக்ஸ். எனக்காக அவள் வலது பக்கம் கொண்டுவந்து வைத்ததைப் பிடித்து, மவுஸை அழுத்தியபடியே இடது பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனேன். பாதி வழியில் அது கண்ணை விட்டுப் போய்விட்டது. மவுஸ் மட்டும் கையில் நகர்ந்துகொண்டிருந்தது. மேஜை ஓரத்தில் மவுஸ் முட்டியதும் கையை எடுத்தேன்.

இடத்துக்குப் போய்விட்டதா என்று கேட்டேன்.

"போயிருச்சு அண்ணாச்சி" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நல்லாருக்கா பாருங்க" என்றாள்.

பார்த்தேன். ஜனவரிப் பக்கம் திறந்திருந்தது. எங்கும் ஒரு குறையும் இல்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து, நாற்காலியை அவள் பக்கம் தள்ளினேன்.